கையால் செய்த பேஸ் கிட்டாரின் பிக்கப்பும் ஒயரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்னப் பட்டறையில் எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் திருவிழாக் கச்சேரிகளில் வாசிப்பவர்கள். மற்றவர்கள் சர்ச்சில் வாசிப்பவர்கள், வீட்டில் பழகுகிறவர்கள். மரத்தைப் பற்றி ஒரு முறை கேட்டால் பிக்கப்பைப் பற்றிப் பத்து முறை கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பிக்கப் என்ன செய்கிறது? மைக் மாதிரிதானே?

இல்லை. மைக் காற்றின் அதிர்வை வாங்குகிறது. பிக்கப்புக்குக் காற்றே தேவையில்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்பு ஒயர் ஆயிரக்கணக்கான சுற்று (இதுதான் காயில்), அவ்வளவுதான். மேலே இருக்கும் கம்பியில் இரும்பு இருப்பதால் காந்தம் அதையும் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. கம்பி அசையும்போது காயிலுக்குள் காந்தப்புலம் மாறும், மாறினால் ஒயரில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த விஷயம். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்: மோட்டாரில் மின்சாரம் கொடுத்தால் சுழல்கிறது, இங்கே கம்பியை அசைத்தால் மின்சாரம் வருகிறது. இதனால்தான் நைலான் கம்பி போட்டால் இந்தப் பிக்கப்பில் ஒன்றும் கேட்காது. அதற்கு, காந்தம் இல்லாமல் அதிர்வின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப் வேண்டும்.

பி, ஜே, ஹம்பக்கர்: இதில் எது நல்லது?

எது நல்லது என்பதைவிட, நீங்கள் எங்கே வாசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பி என்பது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் பிக்கப். அந்தப் பேஸ் 1951-இல் வந்தது, ஆனால் இன்று நாம் பி என்று சொல்லும் இரண்டாக வெட்டிய பிக்கப் 1957-இல்தான் வந்தது. ஒரு பாதி ஈ, ஏ கம்பிகளுக்கு, இன்னொரு பாதி டி, ஜி கம்பிகளுக்கு. இரண்டு பாதியையும் எதிரெதிராக இணைத்திருப்பதால் ஹம், அதாவது கரண்டால் வரும் "ம்ம்ம்" சத்தம், தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். எந்த மிக்சரில் சொருகினாலும் தவிலுக்கும் ரிதம் பேடுக்கும் நடுவே தனியாக நிற்கும்.

ஜே என்பது 1960-இல் வந்த ஜாஸ் பேஸின் அமைப்பு. ஒற்றைக் காயில் பிக்கப் இரண்டு. இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது ஹம் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும். சத்தத்தில் வகை வகையாக விளையாடலாம், ஆனால் கரண்ட் சுத்தமாக இருக்கிற இடம் வேண்டும்.

ஹம்பக்கரில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு காயில். 1976-இல் வந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரே இதற்குப் பெயர் வாங்கியது. கட்டைவிரலால் அடித்து வாசிப்பவர்களுக்கு அது பிடிக்கும்.

திருவிழா மேடைக்கு என்று கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது பி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பிக்கப்பை எந்த இடத்தில் பதிப்பது என்பது அவ்வளவு முக்கியமா?

எனக்குத் தெரிந்து பிக்கப்பின் பிராண்டைவிட, காந்தத்தைவிட, விலையைவிட முக்கியம் அதன் இடம்தான்.

வழக்கமான பேஸில் நட்டிலிருந்து (நெக்கின் நுனியில் கம்பி உட்காரும் இடம்) பிரிட்ஜ் (பாடியில் கம்பி உட்காரும் இடம்) வரை கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. கம்பி முழுதாக ஆடுவதோடு, பாதிப் பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் ஒரே சமயத்தில் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அசையாத புள்ளிகள் உண்டு. பிரிட்ஜிலிருந்து கால்வாசி நீளத்தில், 216 மி.மீ.-இல் பிக்கப்பை வைத்தால் திறந்த கம்பியின் நான்காவது ஹார்மோனிக், அதாவது நான்கு பங்காக ஆடும் ஆட்டம், அந்த இடத்தில் அசையவே அசையாது, பிக்கப்புக்கும் கேட்காது. பிரெட்டில் விரல் வைத்தவுடன் கம்பியின் நீளம் மாறுவதால் இந்தக் கணக்கும் மாறும். ஆகவே "ஹார்மோனிக் புள்ளியில் சரியாக வைத்தேன்" என்று யாராவது விற்றால், அது திறந்த கம்பிக்கு மட்டும்தான் பொருந்தும்.

பொதுவாகச் சொன்னால், பிரிட்ஜ் பக்கம் போகப் போக அடிச்சத்தம் மெலிந்து கூர்மை ஏறும். நெக் பக்கம் வர வர உருண்டையாகும், ஆனால் வேகமான வாசிப்பில் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கும். ஜாஸ் பேஸில் 1960களில் இருந்த பிரிட்ஜ் பிக்கப்பை 1970களில் சுமார் 10 மி.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினார்கள். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அந்த இரண்டு காலத்துப் பேஸும் வேறு வேறு சத்தம் என்று வாசிப்பவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பட்டறையில் ஒரு சோதனைப் பேஸ் வைத்திருக்கிறேன். அதன் பாடியில் குழியை நீளமாக வெட்டி, பிக்கப்பை இரண்டு தண்டவாளத்தின் மேல் நகரவிட்டிருக்கிறேன். 1970களில் கிப்சன் கிராபர் என்ற பேஸிலேயே பிக்கப் இப்படி நகரும். வருகிறவர் வாசிக்க வாசிக்க நான் பிக்கப்பை மெதுவாகத் தள்ளுவேன். "அண்ணே, அங்கேயே நிறுத்துங்க" என்று அவரே சொல்வார். அங்கே பென்சிலால் கோடு போடுவேன்.

பிக்கப்பை நீங்களே சுற்றுகிறீர்களா? கடையில் வாங்கிப் போடுவதில்லையா?

கேட்கிறவருக்கு வாங்கியும் போடுகிறேன். ஆனால் பி பிக்கப் பெரும்பாலும் நானே சுற்றுவதுதான்.

ஒயர் 0.063 மி.மீ. தடிமன், அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ். நம் ஊர்க் கடைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு என்பதால் 46 என்று கேட்க வேண்டும், கிட்டத்தட்ட அதே தடிமன். தலைமுடி அளவுதான். மோட்டார் வைண்டிங் கடையில் இருப்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் கயிறு மாதிரித் தெரியும்.

சுற்றும் கருவிக்கு ஒரு தையல் மெஷின் மோட்டார். மிதியை அழுத்தினால் வேகம், விட்டால் நிற்கும். தண்டில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு ரீட் சுவிட்ச், அதன் இரண்டு ஒயரும் பழைய கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானுக்குப் போகிறது. ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்திவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் கால்குலேட்டர் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். பி பிக்கப்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஏறக்குறைய 10,000 சுற்று. ஒரு பாதியில் போகிற ஒயர் மட்டும் சுமார் ஒரு கிலோமீட்டர்: பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மீனாட்சியம்மன் கோயில் வரை இழுக்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்று என்று ஓட்டினால் பதினேழு நிமிடம்.

அந்தப் பதினேழு நிமிடமும் ஃபேன் போடக் கூடாது. காற்றில் ஒயர் அலைந்தால் அறுந்துவிடும். மே மாதத்தில் முழங்கை வரை வியர்வை வழியும், ஆனால் ஒயரைப் பிடிக்கும் இரண்டு விரலும் உலர்ந்திருக்க வேண்டும். விரல்களுக்கு நடுவே ஒரு கம்பளித் துண்டு வைத்து ஒயரை ஓடவிடுவேன். இறுக்கிப் பிடித்தால் ஒயர் நீண்டு மெலியும், தளர்த்தினால் காயில் பொதபொதவென்று ஆகிப் பின்னால் ஊளையிடும். 7,000-ஆவது சுற்றில் அறுந்து, எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய நாட்கள் உண்டு.

சுற்றி முடித்தபின் மெழுகில் அமிழ்த்த வேண்டும். நான்கு பங்கு பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு. தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குகிறேன், நேரடித் தீயில் வைப்பதில்லை. 65 டிகிரிக்கு மேல் போகவிட மாட்டேன், ஒயர் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும். காயில் உள்ளே இறங்கியதும் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வரும், சுற்றுகளுக்கு நடுவே இருந்த காற்று. குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதிக வால்யூமில் காயில் தானாக அதிர்ந்து கீச்சிடாது.

ஓம் அதிகம் என்றால் சத்தமும் அதிகமா?

ஓம் என்பது ஒயரின் மின்தடைக்கு அளவு. ஒரே ஒயர், ஒரே பாபின், ஒரே காந்தம் என்றால் ஓம் அதிகம் என்பது சுற்று அதிகம் என்று பொருள். சத்தம் கூடும், கூர்மை குறையும். வேறு வேறு வகைப் பிக்கப்பை ஓமை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அப்புறம், செப்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டிய அதே பிக்கப், சித்திரை மதியம் 40 டிகிரியில் 10.8 காட்டும். பிக்கப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஆக்டிவா, பாசிவா?

பாசிவ் என்றால் பேட்டரி இல்லை. பிக்கப், பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் தடை), கெபாசிட்டர், ஜாக், அவ்வளவுதான். டோன் குமிழ் கூர்மையைக் குறைக்க மட்டும் செய்யும், கூட்டாது. கேபிளும் இந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதி என்பதை மறக்கக் கூடாது. சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவுக்குக் கெபாசிட்டன்ஸ் இருக்கும். 6 மீட்டர் கேபிளில் பளிச்சென்று இருந்த பேஸ், 15 மீட்டர் கேபிளில் கம்பளி போர்த்திய மாதிரி ஆவது இதனால்தான்.

ஆக்டிவ் என்றால் பேஸுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பிரீஆம்ப், அதாவது சிக்னலைப் பலப்படுத்தும் சர்க்யூட். அடிச்சத்தம், கூர்மை இரண்டையும் கூட்டவும் குறைக்கவும் முடியும், நீளமான கேபிளும் சத்தத்தைத் தின்னாது. நல்ல விஷயம்தான்.

ஆனால் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கல் திருவிழா. நான் செய்து கொடுத்த முதல் ஆக்டிவ் பேஸ் அது, நண்பர் வாசிக்கிறார், நான் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மூன்றாவது பாட்டில் சத்தம் கரகரவென்று உடைந்தது, நான்காவது பாட்டில் போய்விட்டது. பேட்டரி தீர்ந்திருந்தது. மணி பதினொன்று. திறந்திருந்த ஒரே பெட்டிக்கடையில் 9 வோல்ட் பேட்டரி இல்லை, பென்சில் பேட்டரிதான் இருந்தது. ஆறு வாங்கினேன். ஒன்றரை வோல்ட் ஆறு சேர்ந்தால் ஒன்பது. இன்சுலேஷன் டேப் சுற்றி வரிசையாகக் கட்டி, ஒயரை முனைகளில் அழுத்திப் பிடித்து, பேஸின் பின்னால் ஒட்டினோம். விடியும்வரை ஓடியது. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பேஸ் இல்லாமல் போன அந்த ஒரு பாட்டில் நண்பரின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்யும் ஒவ்வொரு ஆக்டிவ் பேஸிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். தட்டினால் பிரீஆம்பைத் தாண்டி பிக்கப் நேராக ஜாக்குக்குப் போகும். அது வேண்டாம், பார்க்க அழகாக இல்லை என்பவர்களுக்கு ஆக்டிவ் செய்து தருவதில்லை.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்?

ஜாக்கில் கேபிள் சொருகினால்தான் பேட்டரி இணைப்பு கிடைக்கும். அதனால் கணக்கு, கேபிள் சொருகியிருக்கும் நேரத்துக்குத்தான். ஒரு மில்லியாம்ப் இழுக்கும் பிரீஆம்புக்கு நல்ல ஆல்கலைன் பேட்டரி 500 மணி நேரம் அளவுக்கு வரும். கேபிளைப் பிடுங்காமல் வைத்தால் மூன்று வாரத்தில் தீரும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.

18 வோல்ட் போட்டால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. பலமாக அடிக்கும்போது உடையாமல் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் பிரீஆம்ப் 18 வோல்ட் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மேடையில் "ம்ம்ம்" என்று ஹம் வருகிறது. பிக்கப்பை மாற்ற வேண்டுமா?

முதலில் ஹம் எது, இரைச்சல் எது என்று பிரித்துப் பார்ப்போம்.

நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது பிரெட்டில் வருகிற ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது ஹம் கிட்டத்தட்ட அந்தச் சுரத்திலேயே பாடுகிறது. ஆம்பின் ஈக்வலைசரில் அதை வெட்டினால் உங்கள் ஜி-யும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால் ஹம்மை அது பிறக்கிற இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் அது உங்கள் உடம்பு வழியாக வருகிற இரைச்சல். பிக்கப் குழி, கண்ட்ரோல் குழி இரண்டிலும் செப்புத் தகடு ஒட்டி, தகடுகளின் ஓரங்களைச் சால்டர் வைத்து இணைத்து, கிரவுண்டில் சேர்த்தால் பெரும்பாலும் போய்விடும். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு கிரவுண்ட் ஒயர் வர வேண்டும். என்னிடம் வரும் பல பேஸ்களில் அது அறுந்தே இருக்கும். பாலிஷ் போடக் கழற்றும்போது யாரோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

நீங்கள் உடம்பைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், அது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். செப்புத் தகடு அதைத் தடுக்காது. ஹம்மை அடக்கும் பிக்கப்தான் வழி, அல்லது ஆம்பிலிருந்து நான்கு அடி தள்ளி, திரும்பி நிற்பது.

திருவிழாவில் மூன்றாவது ஒன்று உண்டு: சீரியல் செட். மின்னி மின்னி அணையும் விளக்குகளின் கண்ட்ரோலர் கரண்டை வெட்டி வெட்டி விடுவதால் ஜிர்ரென்று ஒரு சத்தம், விளக்கு மின்னும் அதே தாளத்தில் வரும். ஆம்பையும் மிக்சரையும் சீரியல் செட் ஓடும் லைனில் சொருகாதீர்கள். சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் முதலிலேயே சொல்லித் தனி லைன் வாங்கிவிடுங்கள்.

மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கிறது. பேஸில் கோளாறா?

பேஸில் இல்லை, ஆனால் இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. உயிர் போகிற விஷயம்.

உங்கள் ஆம்ப் ஜெனரேட்டரிலும் மிக்சர் இ.பி. லைனிலும் ஓடினால், இரண்டுக்கும் எர்த் வேறாக இருக்கலாம், ஒன்றில் எர்த்தே இல்லாமலும் இருக்கலாம். கை கம்பியில், உதடு மைக்கில்: இரண்டையும் இணைக்கும் ஒயர் நீங்கள்தான். வாசிக்கும் முன் டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டாலும் எர்த் அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கோடையில் நம் பக்கத்து மண் காய்ந்து கிடக்கும், எர்த் கம்பி அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஹம்மைக் குறைக்க பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேஸை மிக்சரில் இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது இந்த வேலைக்குத்தான். மேடை மேடையாகச் சுற்றுகிறவர் ஒரு ஒயர்லெஸ் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. பேஸுக்கும் ஆம்புக்கும் நடுவே ஒயரே இல்லாதபோது அந்த வழியாகக் கரண்ட் வர முடியாது.

250 கே பாட்டா, 500 கே பாட்டா? கெபாசிட்டர் எது?

பாசிவ் பி, ஜே இரண்டுக்கும் 250 கே, அதாவது 250 கிலோ ஓம். ஹம்பக்கருக்கு 500 போட்டால் கொஞ்சம் திறந்து கேட்கும். ஆக்டிவ் பிக்கப்புக்கு 25. டோன் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட், உடம்பில் 473 என்று எழுதியிருக்கும். இன்னும் மந்தமாக வேண்டும் என்றால் 104. சில ரூபாய்க்குக் கிடைக்கும் பாலியெஸ்டரே போதும். அதே மதிப்புள்ள விலையுயர்ந்த கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல ஜாக் வாங்குங்கள்.

ராஜா சார் பாட்டில் வருகிற பேஸ் சத்தம் வேண்டும். எந்தப் பிக்கப்?

மாதத்துக்கு நான்கு பேராவது இதைக் கேட்கிறார்கள், கேட்கும்போது எனக்கும் சந்தோஷம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் 1996 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, நம்ம ஊர்க்காரர் என்ற உரிமையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பேஸ் மனதில் நிற்பது பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாக அது நடப்பதால்தான். அதைப் பிக்கப்பால் கொடுக்க முடியாது.

சத்தத்தை மட்டும் கேட்டால் ஒரு வழி சொல்கிறேன். பி பிக்கப், ஃபிளாட்வவுண்ட் கம்பி (மேலே தட்டையான ஒயர் சுற்றியது), பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், டோன் பாதி. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷனில் இதே மாதிரிக் கம்பியும் ஸ்பாஞ்சுமாகத்தான், அதுவும் வலது கையின் ஒரே விரலால் வாசித்தார். சுரம் உருண்டையாகப் பிறந்து சட்டென்று நிற்கும். ஸ்பாஞ்ச் காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம், பாத்திரம் தேய்ப்பதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டால் போதும்.

பிக்கப் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

கடைசி பிரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2.5 முதல் 3 மி.மீ. என்று தொடங்குங்கள். ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், மேல் பிரெட்டுகளில் சுருதி நடுங்கும். புதுப் பிக்கப் வாங்க வந்த எத்தனையோ பேரை ஒரு ஸ்குரூ டிரைவரோடு அனுப்பியிருக்கிறேன்.

பாடி மரத்தால் பிக்கப்பின் சத்தம் மாறுமா?

இடம், கம்பி, உயரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனக்குப் பலா பிடிக்கும். வீணை செய்யும் மரம், உளிக்குச் சொன்ன பேச்சு கேட்கும், அந்த மஞ்சள் நிறம் ஆண்டு போகப் போகப் பழுப்பேறி அழகாகும். தோளில் நான்கு மணி நேரம் தாங்குமா என்று எடையைப் பாருங்கள்.

வெயிலில் காரில் வைத்தால் பிக்கப்புக்கு ஆபத்தா?

ஆபத்துதான். மூடிய காருக்குள் மெழுகு இளகும் அளவுக்குச் சூடேறும், அதற்கு முன்பே நெக் வளைந்துவிடும். வேனில் போனால் பேஸை உங்கள் மடியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

எங்கே வாசிக்கிறீர்கள், விரலாலா பிக்காலா, என்ன கம்பி, கேபிள் எவ்வளவு நீளம், ஐந்தாவது கம்பி உண்மையில் தேவையா. கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதைத் தெளிவாகக் கொடுக்கும் ஸ்பீக்கர் நீங்கள் போகும் மேடைகளில் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது வாசிக்கும் பேஸையும் கையோடு கொண்டு வாருங்கள். சோதனைப் பேஸில் அரை மணி நேரமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். வெட்டிய மரம் திரும்பி வராது, அதனால் நீங்கள் "அங்கேயே நிறுத்துங்க" என்று சொல்லும்வரை பிக்கப் குழியை நான் வெட்ட மாட்டேன்.